‘போதும்’ என்னும் முற்றுப்பெறா வினைமுற்று

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ‘போதும்’ என்றால், பையன் பதினாறாம் வாய்ப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். முடிதிருத்தும் கடையில் சொன்னால் கத்தரிக்கோல் நின்றுவிடும். மேடையில் முழங்குகிறவருக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், கால் மணி நேரம் கழித்தாவது நிறுத்துவார். சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னால் மட்டும் ஒரு கரண்டி சோறு வந்து விழுகிறது. ஒரே சொல் இடம் மாறியதும் எதிர்ப்பொருள் தருவது ஏன் என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட சிக்கல். தமிழ் ஆய்வுலகம் இதை இத்தனை காலம் தொடாமல் விட்டதற்கு, ஆய்வாளர்களும் பந்தியில் உட்கார்ந்ததும் வெறும் விருந்தாளிகளாகிவிடுவது காரணமாக இருக்கலாம்.

ஆய்வுக் காலம் 2025ஆம் ஆண்டுக் கோடை. மே 4 முதல் 28 வரை கத்திரி. கத்திரிக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று எங்கள் பயணம். கும்பகோணத்தில் அத்தை வீடு, நாகர்கோவிலில் பெரியம்மா வீடு, திருநெல்வேலியில் அக்கா மகன் கல்யாணம், மறுநாள் மறுவீட்டு விருந்து, கடைசியாகப் பாளையங்கோட்டையில் சித்தப்பா வீடு. குழுவில் நால்வர். என் அம்மா, வயது 74, நெறியாளர். என் மனைவி, ஆய்வு முடிவுகளை அவ்வப்போது மறுப்பவர். எட்டாம் வகுப்பு முடித்த மகள், சான்றுப் பொருள்களை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே தின்றுவிடுபவள். கருவி என்று சொல்ல ஒரு சட்டைப்பை நோட்டும் ஒரு பந்துமுனைப் பேனாவும். வலக்கை சோற்றில் இருந்ததால் குறிப்புகளை இடக்கையால் எழுத வேண்டியதாயிற்று. சில பக்கங்கள் வட்டெழுத்துப் போலத் தெரிவது அதனால்தான்.

முதலில் இலக்கணம். ‘எனக்குப் போதும்’ என்கிறோம். இவ்வாக்கியத்தில் உண்பவன் எழுவாயாக இல்லை. ‘கு’ உருபை ஏற்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறான். அந்த வேற்றுமைக்கு நன்னூலார் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை, அடுத்தது பகை, அதற்கடுத்தது நட்பு. இப்படியே போய்க் கடைசியில் உறவுமுறையில் வந்து நிற்கிறார். ஒரு மத்தியானச் சாப்பாட்டில் நடப்பது அத்தனையும் அதே வரிசையில் அங்கே இருக்கிறது. ஆக, ‘எனக்கு’ என்று வாயைத் திறந்த கணமே நாம் கொடுக்கப்படுகிறவர் ஆகிவிடுகிறோம். பிறகு நிறுத்து என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்று. இந்த வினைக்கு இறந்தகாலம் வழக்கில் இல்லை. ‘நேற்று எனக்குப் போதியது’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எதிர்மறைக்கு மட்டும் பஞ்சமில்லை: போதாது, போதவில்லை, போதாதா, போதாக்குறைக்கு. ‘போதிய’ என்ற பெயரெச்சத்தை அரசு அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கலாம். அங்கேயும் அது ‘போதிய நிதி இல்லாததால்’ என்று இல்லாமையைச் சொல்லத்தான் வருகிறது. நிறைவைச் சொல்லப் பிறந்த வினை, நிறைந்துவிட்டது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளாது.

அற்றேல், பரிமாறுகிறவர் நம் சொல்லை வேண்டுமென்றே மீறுகிறாரா எனின், அன்று. திருப்பாவையின் முதல் பாசுரத்தில் ஆண்டாள் ‘போது’ என்ற இதே வினையடியை வைத்துத்தான் தோழியரை அழைக்கிறாள். அங்கே அதற்கு வருதல் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். நாம் ‘போதும்’ என்றதும் கரண்டியோடு இன்னும் ஓரடி கிட்ட வருகிற அத்தைக்குக் காது மந்தம் என்று நினைப்பது நம் பிழை. அவர் பாசுரப் பொருளில் எடுத்துக்கொள்கிறார்.

இச்சொல்லோடு எப்போதும் சேர்ந்து வரும் ‘கொஞ்சம்’ என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று முகந்து முகந்து கலம்வரை கணக்கு வைத்திருந்தவர்கள் நம் முன்னோர். ஒன்றை 320 கூறாக்கி, அதில் ஒரு கூறுக்கு முந்திரி என்று பெயரும் இட்டார்கள். இத்தனை துல்லியம் படைத்த மரபில் ‘கொஞ்சம்’, ‘கொஞ்சூண்டு’, ‘ஒரே ஒரு வாய்’, ‘சும்மா ருசிக்கு’ ஆகிய நான்குக்கும் அளவு கிடையாது. கும்பகோணத்தில் ‘கொஞ்சூண்டு’ என்ற பெயரில் என் தட்டில் விழுந்தது, நாகர்கோவிலில் ‘கொஞ்சம்’ என்ற பெயரில் விழுந்ததைவிடக் கூடுதல். அளவை நிர்ணயிப்பது சொல் இல்லை, கரண்டியும் இல்லை, கரண்டி பிடித்த கை என்ற ஐயம் எனக்கு அப்போதே வந்துவிட்டது.

அதனால், ஒரு வீட்டில் கரண்டி நிற்பதற்கு எத்தனை ‘போதும்’ தேவைப்படுகிறதோ அந்த எண்ணிக்கையை அவ்வீட்டின் ‘போதும் எண்’ என்று இவ்வாய்வு வழங்கும்.

கும்பகோணத்து அத்தை வீட்டில் இந்த எண் 4. அங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் இருந்தது. வாழையிலைக்கு முடிவு என்று ஒன்று உண்டு. நம்மை நோக்கி மடித்துவிட்டால் சாப்பாடு முடிந்தது. அதற்குமேல் கரண்டிக்கு அங்கே வேலையில்லை. எவர்சில்வர் தட்டை எப்படி மடிப்பது? இலையிலிருந்து தட்டுக்கு மாறியபோது விருந்தாளி தனக்கிருந்த ஒரே தற்காப்பையும் இழந்துவிட்டான். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரக் கடைகளில் எத்தனையோ வகைத் தட்டு பார்த்தேன்; மடிகிற தட்டு ஒன்றும் இல்லை. அத்தை வீட்டில் எனக்கு மிஞ்சியவை மூன்று வழிகள்: கையைத் தட்டின்மேல் விரித்துப் பிடிப்பது, தட்டோடு பின்வாங்குவது, முதுகை வளைத்துத் தட்டின்மேல் கவிழ்ந்துகொள்வது. கையை விரித்தால் சாம்பார் சுடும். பின்வாங்க இரண்டடிக்குமேல் இடமில்லை, பின்னால் சுவர். கவிழ்ந்துகொண்டால் அத்தை பக்கவாட்டில் வந்துவிடுவார்.

அவர் கரண்டியை மட்டும் நம்பி இருப்பவரும் அல்லர். முதல் ‘போதும்’ வந்ததும், “என்னடா கோழி கொறிக்கிற மாதிரி கொறிக்கிறே?” இரண்டாவதற்கு, “உங்க மாமா இருந்தா இப்படிச் சாப்பிட விடுவாரா?” மூன்றாவது வந்ததும் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டுவார். “பாரு, இவ்வளவுதான் இருக்கு. இதை எடுத்து வெச்சு யாருக்கு?” இந்த மூன்றாவது வாதம்தான் வலுவானது. பாத்திரத்தின் அடியில் இருப்பது வீணாகப் போவதற்கு நானே பொறுப்பு என்று ஆக்கிவிடுகிறது. நான்காவது ‘போதும்’ நான் சொல்லும்போது பாத்திரம் காலி, அதனால்தான் கரண்டி நின்றது. கை கழுவிக்கொண்டு வந்தால் வாசலில் டபரா செட்டில் காபி. காபிக்கு ‘போதும்’ என்று சொல்லவே முடியாது, வேண்டாம் என்றுதான் சொல்லலாம். அப்படிச் சொன்னவரைக் கும்பகோணத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

நாகர்கோவிலில் எண் 5. அங்கே பரிமாறுவதற்கு ‘விளம்புதல்’ என்று பெயர். ஏனைய தமிழ்நாட்டில் விளம்புதல் என்றால் சொல்லுதல், அறிவித்தல். விளம்பரம் என்று பத்திரிகையில் போடுவதும் அந்தக் குடும்பந்தான். நாஞ்சில் நாட்டில் மட்டும் சோற்றை விளம்புகிறார்கள். இதை நான் மொழி வழக்கின் கோணல் என்று நினைத்திருந்தேன். ஐந்து நாள் இருந்து பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை. பெரியம்மாவின் ஒவ்வொரு கரண்டியும் ஓர் அறிவிப்புதான். “மக்களே, இன்னும் கொஞ்சம் விளம்பட்டா?” என்பதில் வினாக்குறி இருப்பதாக இலக்கணம் சொல்லும், கரண்டி அதற்குள் இலைக்கு வந்திருக்கும்.

அங்கே முதலில் பருப்பும் நெய்யும் நொறுக்கிய பப்படமும், பிறகு சாம்பார், பிறகு புளிசேரி, அதன் பிறகு பிரதமன் என்று வரிசை. கோடை சக்கைப்பழக் காலம், ஆகையால் சக்கைப் பிரதமன். பாயசம் முடிந்ததும் ரசமும் மோரும் வரும். இனிப்போடு சாப்பாடு முடிந்தது என்று நம்பி இளைப்பாறுகிற வெளியூர்க்காரர்கள் ஏமாறும் இடம் இதுதான். என் மனைவி திருமணமான முதல் ஆண்டில் ஏமாந்தாள். இந்த முறை முன்னெச்சரிக்கையாகப் பாயசத்தின்போதே ‘போதும்’ சொல்லத் தொடங்கினாள். “எது போதும்? இப்பதானே உக்காந்தே?” என்றார் பெரியம்மா. கடைசியில் ஆளுக்கு இரண்டு மட்டிப் பழம். கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். “அப்ப இன்னொண்ணு எடுத்துக்க” என்றார்.

பெரியப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை நோய். திருக்குறளில் பழக்கமுள்ளவர். விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், மருந்து தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். செரித்ததை அறிந்து அளவாக உண்ணச் சொல்வது பின்னது. இரண்டுக்கும் நடுவில் வள்ளுவர் 85 அதிகாரங்களை வைத்தது விருந்தாளிக்கு அவகாசம் கொடுக்கத்தான் என்பது பெரியப்பாவின் உரை. பரிமேலழகர் இதைச் சொல்லவில்லை. பெரியப்பாவும் பிரதமனுக்கு ‘போதும்’ சொல்லவில்லை. “ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அந்த ஒரு நாள் நாங்கள் இருந்த ஐந்து நாளும் வந்தது.

கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனோம். இவ்வாய்வின் திருப்பம் அங்கேதான் கிடைத்தது. நான் தாய்மாமன், முதல் பந்தியில், மணமேடைக்கு நேர் எதிரே இலை. பரிமாற வந்தவர்கள் சமையல் கான்ட்ராக்டர் கூட்டிவந்த பையன்கள், ஒரே நிறச் சட்டை, கையில் வாளி. முதல் கரண்டி சாம்பார் விழுந்தது. நான்கு, ஐந்துக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ‘போ’ என்றேன். ‘தும்’ வருவதற்குள் பையன் அடுத்த இலைக்குப் போய்விட்டான். கூட்டு வந்தது, ‘போ’, போய்விட்டான். ரசத்துக்கு நான் வாய் திறக்கவேயில்லை. இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகர்ந்துவிட்டான். கான்ட்ராக்டர் பந்தியின் போதும் எண் அரை. சில வேளை பூஜ்யம். 21 வகை இருந்த அந்த இலையில் எனக்கு மோர் வரவில்லை. குறை சொல்லவில்லை. 300 இலைக்கு ஓடுகிற பையனுக்கு நான் கையெழுத்து வாங்க வேண்டிய ஒரு சீட்டு, அவ்வளவுதான். அவனுக்கும் எனக்கும் இடையில் முறை எதுவும் இல்லை. நான்காம் வேற்றுமையின் கடைசிப் பொருள் அங்கே அறுந்துவிட்டது.

மறுநாள் மறுவீடு. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி போட்டார்கள். திருநெல்வேலிச் சைவ வீடுகளில் இது வெறும் குழம்பு இல்லை, சடங்கு. பாசிப்பருப்பும் காய்களும் இரண்டாம் மூன்றாம் தேங்காய்ப்பாலில் வெந்ததும், கெட்டியான முதல் பாலைக் கடைசியாக விட்டு, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சை பிழிவார்கள். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி. நோயையும் மருந்தையும் ஒரே இலையில் அடுத்தடுத்து வைக்கும் இந்த ஏற்பாட்டைப் பெரியப்பா பார்த்திருந்தால், 85 அதிகாரம் எதற்கு என்று கேட்டிருப்பார்.

மாப்பிள்ளையின் போதும் எண்ணை என்னால் கணக்கிட முடியவில்லை. அவன் ‘போதும்’ என்ற ஒவ்வொரு முறையும் பெண் வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்; சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றினார்கள். பதினொன்றோடு எண்ணுவதை விட்டேன். என் அக்கா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் சிக்கலான இடத்தில் இருந்தாள். அவள் முதல் ‘போதும்’ சொன்னதும் பெண் வீட்டார் நிறுத்தினால், கவனிப்பு இல்லை என்ற பேச்சு வரும். நிறுத்தாவிட்டால், சொன்னால் கேட்கமாட்டார்கள் என்ற பேச்சு வரும். பெண்ணின் அம்மா பரிமாறியபோது அக்கா மூன்று முறை ‘போதும்’ சொன்னாள். முதல் இரண்டும் கேட்கப்படக் கூடாதவை, மூன்றாவது கேட்கப்பட வேண்டியது. மூன்றாவது வந்ததும் கரண்டி நின்றது. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொருத்தம் பத்து என்று ஜோசியர் பார்த்தது எதற்கோ. என் அம்மா அந்த நிமிடத்தில்தான் “இனி கவலையில்லை” என்றாள்.

ஆய்வை அங்கே முடித்திருக்கலாம். அம்மாதான் “சித்தப்பாவைப் பார்க்காம எப்படிப் போறது?” என்றாள். சித்தப்பா கல்யாணத்துக்கு வந்திருந்தார்; மொய் எழுதினார், சாப்பிட்டார், முகூர்த்தம் முடிந்ததும் போய்விட்டார். தாத்தா வீட்டைப் பங்கு பிரித்ததில் ஏழு வருடமாக எங்களுக்குள் பேச்சு குறைவு. கின்னஸுக்குப் போகிற சண்டை ஒன்றும் இல்லை. ஒரு கிணறும் அதை ஒட்டிய நாலு தென்னையும்.

பாளையங்கோட்டை வீட்டில் எல்லாம் முறையாக நடந்தது. திண்ணையில் பாய், ஃபேன், மோர். பகலில் சாப்பாடு. சித்திதான் பரிமாறினாள். என் சின்ன வயதில் இந்தச் சித்தியின் போதும் எண் 6. அவள் கரண்டிக்குப் பயந்து நான் கொல்லைப்பக்கம் ஓடியதுண்டு. முதல் கரண்டி சோறு, பருப்புக் குழம்பு. நான் ‘போதும் சித்தி’ என்றேன்.

“சரிப்பா” என்றாள் சித்தி.

கரண்டி நின்றுவிட்டது. நோட்டை எடுத்து எண்ணிக்கையை எழுதினேன். இடக்கைதான் என்றாலும் ஒரே ஒரு கோடு, அதனால் எழுத்து தெளிவாகவே இருக்கிறது. ரசம், ஒன்று. மோர், ஒன்று. அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள், நெறியாளர் எதுவும் சொல்லவில்லை. எழுந்து கை கழுவப் போனபோது, கொல்லையில் அந்தக் கிணறு தெரிந்தது. தண்ணீர் இருந்தது.

ஊர் திரும்பியது வந்தே பாரத்தில். ஏசி நாற்காலிப் பெட்டிக்கு ஆளுக்கு 40 கிலோ சாமான் இலவசம் என்பது ரயில்வே விதி. ‘போதும்’ என்பதை எண்ணில் எழுதி வைத்திருக்கிற ஒரே அமைப்பு ரயில்வேதான் என்று நினைக்கிறேன். நாகர்கோவில் மாங்காயும் சக்கை வறுவலும், திருநெல்வேலி அல்வாவும், கல்யாண முறுக்கும், கும்பகோணத்தில் அத்தை தைத்துக் கொடுத்த நான்கு மஞ்சள் பைகளும் சேர்ந்து விதிக்கு உள்ளேயே இருந்தன என்று சத்தியம் செய்யமாட்டேன். வண்டியில் சாப்பாடு தட்டில் அளந்து அடைத்து வந்தது. வைத்துவிட்டுப் போனார்கள், இன்னும் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, போதும் என்று நாங்களும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, எங்களுக்கும், பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத ஒருவருக்கும் வைத்தாள். அவர் “போதும்மா” என்றார். அம்மா இன்னொரு கை வைத்தாள். அந்த ஒரு சொல்லில் அவர் ‘அம்மா’ போட்டுவிட்டது காரணமாக இருக்கலாம். தனியே ஆராயத் தக்கது.

ஆகஸ்டில் சித்தப்பா கண் அறுவைச் சிகிச்சைக்குச் சென்னை வந்தார். தன் மகள் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அம்மா என்னைப் பார்த்து, “நீ பரிமாறு” என்றாள். சோறு வைத்தேன், சாம்பார் ஊற்றினேன். “போதும்ப்பா” என்றார். நான் ஊற்றினேன். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை. கையைத் தட்டின்மேல் விரித்துப் பிடித்தார், எடுத்துவிட்டார்.

சாம்பாருக்கு 3. ரசத்துக்கு 2. மோருக்கு அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.